‘சேர்ந்தான்’ என்பதா, ‘சேர்ந்தாள்’ என்பதா? கரும்பலகையில் நின்றுபோன ஓர் எழுத்து

ரோஸ்ஹில் ஆசிரியை (மொரீஷியஸ்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு வினைச்சொல்லின் கடைசி எழுத்தைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன். மூன்று வாரமாக இதே நினைவாக இருக்கிறேன். அதனால் கேள்வி கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோஸ்ஹில்லில் எங்கள் கோயிலுக்குப் பின்னால் உள்ள கூடத்தில் சனிக்கிழமை மாலைகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பதினான்கு பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழை அவர்கள் முழு வாக்கியமாகப் பேசுவது அந்த இரண்டு மணி நேரத்தில்தான். சித்திரை வருடப் பிறப்பு விழாவுக்கு ஒரு நாடகம் போடலாம் என்றேன். எங்கள் தீவோடு சம்பந்தப்பட்ட கதையாக இருக்கட்டும் என்றார்கள். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி எழுந்து, “ஆண் வேடம் போட்டுக்கொண்டு படையில் சேர்ந்த பெண்கள் யாராவது இங்கே வந்திருக்கிறார்களா, மிஸ்?” என்று கேட்டாள்.

வந்திருக்கிறார்கள். எனக்கு முதலில் தெரிந்தது ழான் பாரே என்ற பிரெஞ்சுப் பெண்ணை மட்டும்தான். அவர் படைவீரர் அல்லர். ஆனால் பெண்கள் ஏறக்கூடாது என்று விதி இருந்த பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில், 1766-இன் இறுதியில், செடியியலாளர் கொம்மெர்சோனின் பணியாள் என்ற பெயரில் ஆண் உடையில் ஏறியவர். பூகன்வில் தலைமையில் உலகைச் சுற்றப் புறப்பட்ட பயணம் அது. 1768-இல் தாஹித்தித் தீவில் அவர் பெண் என்பது வெளிப்பட்டதாகப் பூகன்வில்லே எழுதியிருக்கிறார். அதே ஆண்டின் இறுதியில் கப்பல் எங்கள் தீவுக்கு வந்தது. கொம்மெர்சோனும் அவரும் இங்கேயே இறங்கிவிட்டார்கள். 1773-இல் கொம்மெர்சோன் இறந்துபோனார். போர்ட் லூயியில் ஒரு மதுக்கடை நடத்திப் பிழைத்த பாரே, ஞாயிற்றுக்கிழமை மது விற்றதற்காக அபராதம்கூடக் கட்டியிருக்கிறார். 1774-இல் ஒரு படைவீரரை மணந்துகொண்டு பிரான்சுக்குத் திரும்பினார். உலகத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவந்த முதல் பெண் என்று இன்று அவரைத்தான் சொல்கிறார்கள். 1785-இல் பிரெஞ்சுக் கடற்படை அவருக்கு ஆண்டுக்கு 200 லீவ்ரு ஓய்வூதியம் கொடுத்தது. விதியை மீறி ஏறியவருக்கு, விதி போட்டவர்களே கொடுத்த பணம்! இதைச் சொன்னபோது பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஆனால் அந்தப் பெண் விடவில்லை. “இவர் செடி பறிக்க வந்தவர். துப்பாக்கி பிடித்தவர் யார்?” என்றாள். அப்போதுதான் ஹன்னா ஸ்னெல்லைத் தேடிப் பிடித்தேன்.

இங்கிலாந்தில் வூஸ்டர் நகரத்தில் 1723-இல் பிறந்தவள். தந்தை சாயத் தொழில் செய்தவர். ஒரு டச்சு மாலுமியை மணந்தாள். கர்ப்பமாக இருக்கும்போதே அவன் விட்டுவிட்டு ஓடிப்போனான். பிறந்த பெண் குழந்தை ஒரு வயதுகூட நிறையாமல் இறந்தது. அக்காள் கணவனின் உடையை எடுத்து உடுத்திக்கொண்டாள். அவன் பெயரையும் எடுத்துக்கொண்டாள். ஜேம்ஸ் கிரே என்ற பெயரில் கடற்படைக் காலாட்படையில் சேர்ந்து, 1747-இல் ஆங்கிலேய அட்மிரல் போஸ்கவனின் கப்பல் அணியோடு கிழக்கே புறப்பட்டாள். முகத்தில் மீசை அரும்பவில்லை என்று கப்பல்காரர்கள் அவளுக்கு ‘மாலி’ என்று பெண் பெயர் வைத்துக் கேலி செய்தார்களாம். அவள் கோபித்துக்கொள்ளாமல் அவர்களோடு சேர்ந்து சிரித்தாளாம். அந்தச் சிரிப்புக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்!

1748-இன் நடுவில் அந்த அணி, அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த எங்கள் தீவுக்கு முன்னால் வந்து நின்றது. பவளப்பாறைகளையும் கரையில் இருந்த பீரங்கி மேடைகளையும் பார்த்துவிட்டு, இங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று புதுச்சேரியை நோக்கிப் போய்விட்டார்கள். அப்போது போர்ட் லூயி புதிய ஊர். லபூர்தொனே ஆளுநராக இருந்தபோது புதுச்சேரியிலிருந்து கொண்டுவந்த தமிழ்க் கொத்தர்களும் தச்சர்களும் அந்த ஊரைக் கட்டியதில் உண்டு. எங்களில் பலருடைய வேர் அங்கேதான் தொடங்குகிறது. ஆக, ஹன்னா கப்பல் தளத்தில் நின்று பார்த்த கரையில் எங்கள் ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

சரி, இதையே நாடகமாக்கலாம் என்று முடிவு செய்தோம். கதை சொல்லக் கூத்தில் வருவதுபோல ஒரு கட்டியங்காரன். அவனுடைய முதல் வசனத்தைக் கரும்பலகையில் எழுதத் தொடங்கினேன். “ஜேம்ஸ் கிரே என்ற பெயரில் படையில் சேர்ந்தா” என்று எழுதியதும் என் கை நின்றுவிட்டது. சுண்ணாம்புக்கட்டி பலகையை விட்டு எழவில்லை. ன் போடுவதா, ள் போடுவதா? சேர்ந்தான் என்றால் கதை பொய்யாகிறது. சேர்ந்தாள் என்றால் வேடம் அங்கேயே கலைந்துவிடுகிறது. பிள்ளைகள் பதினான்கு பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி வரிசையில் இருந்த பையன் சொன்னான்: “கிரியோலில் ‘லி’ என்றால் போதுமே, மிஸ். அவனுக்கும் லிதான், அவளுக்கும் லிதான்.” உண்மை. கிரியோலில் இந்தக் கதையைச் சொன்னால் கடைசிவரை இரகசியம் காப்பாற்றப்படும். தமிழில் ஒவ்வொரு வினைமுற்றும் அவளைக் காட்டிக்கொடுக்கிறது.

இது எனக்கு வெறும் இலக்கணச் சந்தேகமாக இல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. தாத்தா இறந்த பிறகு என் பாட்டி அவருடைய கம்பளிக் கோட்டையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு, விடியுமுன் கரும்புத் தோட்டத்துக்குப் போவார். மூடுபனியில் தூரத்திலிருந்து தோட்டக் கங்காணியான சர்தார் “யாரடா அது?” என்று அதட்டுவாராம். பாட்டி பதில் சொல்லாமல் பக்கத்தில் வந்து நிற்பாராம். அந்தக் கோட் இன்னும் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.

நீங்கள் எழுதுவதாக இருந்தால் எப்படி எழுதுவீர்கள்? ஹன்னாவைப் பற்றி மேலும் தெரிந்தவர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

—

கெடிலக்கரை (கடலூர்) எழுதியது:

அக்கா, நீங்கள் கதையைப் புதுச்சேரிக்கு அனுப்பிவிட்டு நிறுத்திவிட்டீர்கள். மீதிக் கதை எங்கள் ஊரில் நடந்தது.

தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. இன்று இடிந்த மிச்சம்தான். ஆங்கிலேயர்களின் தளம் அதுதான். அங்கிருந்து கிளம்பி முதலில் அரியாங்குப்பத்துக் கோட்டையில் மாட்டிக்கொண்டு நாட்களை வீணடித்தார்கள். பிறகு புதுச்சேரியை முற்றுகையிட்டார்கள். 1748 ஆகஸ்டில் தொடங்கியது, அக்டோபரில் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார்கள். உள்ளே பிரெஞ்சு ஆளுநர் துப்ளே விடாமல் எதிர்த்து நின்றார். வெளியே வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. பள்ளங்களில் இடுப்பளவு சேற்றில் கிடந்த வீரர்களைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போயிற்று. குண்டில் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்கள் அதிகம். மொத்தம் ஆயிரத்துக்கு மேல். துப்ளேயின் துபாஷ் (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளை அந்த நாட்களில் ஊருக்குள் இருந்து தன் நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருந்தார். வெளியே சேற்றில் ஒரு பெண் துப்பாக்கியோடு கிடக்கிறாள் என்று இரண்டு பக்கத்தாருக்கும் தெரியாது.

ஹன்னாவின் கதை 1750-இல் லண்டனில் நூலாக அச்சேறியது. அதில் இப்படி இருக்கிறது: வலது காலில் ஆறு காயம், இடது காலில் ஐந்து, பன்னிரண்டாவது குண்டு தொடை இடுக்கில். கடலூர் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். கால் காயங்களை மருத்துவர்களிடம் காட்டினாள். இடுக்கில் இருந்ததை மட்டும் மறைத்துவிட்டாள். காட்டினால் எல்லாம் முடிந்தது. வலி தாங்க முடியாமல் போனபோது, தனக்குப் பணிவிடை செய்த உள்ளூர்க் கறுப்புப் பெண்ணிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். அவள் களிம்பும் பஞ்சும் கொண்டுவந்து கொடுத்தாள். ஹன்னா தன் விரலாலேயே துழாவி, கட்டைவிரலும் சுட்டுவிரலுமாகக் குண்டைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நூல் விற்பனைக்காக எழுதப்பட்டது, மிகைப்படுத்தல் உண்டு. லண்டனில் செல்சி படைவீரர் இல்லத்தின் பதிவேட்டில், புதுச்சேரியில் இரண்டு தொடைகளிலும் காயம் பட்டவள் என்றுதான் குறித்திருக்கிறார்கள். பன்னிரண்டு குண்டு அங்கே இல்லை. ஆனால் அவளுக்கு ஓய்வூதியம் கொடுத்தது உண்மை. இறந்த பிறகு, 1792-இல், அவள் விரும்பியபடியே அந்த இல்லத்தின் இடுகாட்டில் புதைத்ததும் உண்மை.

எனக்கு அந்தப் பணிவிடைப் பெண்தான் முக்கியம். கடலூர் மருத்துவமனையில் 1748-இல் ஓர் உள்ளூர்ப் பெண் என்றால் அவள் எங்கள் ஊர்ப் பெண்ணாக இருக்கத்தானே வேண்டும்? அவள் ஒரு சொல் வெளியே விட்டிருந்தால் ஜேம்ஸ் கிரே அன்றே செத்திருப்பான். நூல் அவளுக்குப் பெயர்கூடக் கொடுக்கவில்லை. உங்கள் நாடகத்தில் அவளை விட்டுவிடாதீர்கள், அக்கா.

—

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் (திருநெல்வேலி) எழுதியது:

அம்மா, உங்கள் கை நின்ற இடத்தில் தொல்காப்பியரும் நின்றிருக்கிறார். தூரத்தில் வருவது ஆணா பெண்ணா என்று ஐயம் எழுந்தால் பன்மையில் சொல் என்கிறது தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்ற இயல். ‘தோன்றுவார்’ என்று உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு அதற்குத்தான். உங்கள் பாட்டியைப் பனியில் பார்த்த சர்தார் இலக்கணம் அறிந்தவராக இருந்திருந்தால் “யாரது வருகிறார்?” என்று கேட்டிருப்பார்.

ஆனால் நாடகத்துக்கு என் கருத்து வேறு. சேர்ந்தாள் என்றே எழுதுங்கள். கூத்தில் மாறுவேடம் என்பது மேடையில் இருப்பவர்களுக்குத்தான் மறைவு, முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அல்ல. அல்லி அரசாணி கதையில் அர்ச்சுனன் எத்தனை வேடம் போடுகிறான்! ஒவ்வொன்றும் நமக்குத் தெரியும். தெரிந்திருப்பதால்தான் நெஞ்சு படபடக்கிறது. கட்டியங்காரன் சபையின் ஆள். அவன் சபையிடம் பொய் சொல்லக் கூடாது.

—

கேப் டவுன் செவிலி (தென்னாப்பிரிக்கா) எழுதியது:

நான் டர்பனில் பிறந்து கேப் டவுனில் இருபது ஆண்டுகளாகச் செவிலியாக வேலை செய்கிறேன். தமிழ் எழுதிப் பழக்கம் குறைவு, பிழை இருந்தால் மன்னியுங்கள். ஆனால் இந்தப் பேச்சில் டாக்டர் ஜேம்ஸ் பாரியைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

அயர்லாந்தின் கார்க் நகரத்தில் மார்கரெட் புல்க்லி என்ற பெயரோடு வளர்ந்த பிள்ளை, 1809-இல் ஜேம்ஸ் பாரி என்ற பெயரில் எடின்பரோவுக்குப் போய் மருத்துவம் படித்து, 1812-இல் பட்டம் வாங்கினார். அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் இராணுவத்தில் மருத்துவராகச் சேர்ந்தார். 1816-இல் கேப் டவுனுக்கு வந்தார். சிறைக்கைதிகள், தொழுநோயாளிகள் இருந்த இடங்களுக்குள் போய், தண்ணீரும் சாப்பாடும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அதிகாரிகளோடு சண்டை போட்டவர். 1826-இல் இங்கே ஒரு தாய்க்கு வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார். மயக்க மருந்து கிடையாத காலம். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. இந்த வேலையில் இருக்கிறேன் என்பதால் சொல்கிறேன், அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. பிள்ளைக்கு ஜேம்ஸ் பாரி மன்னிக் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் வழிவழியாக வந்து, 1924 முதல் 1939 வரை எங்கள் நாட்டுப் பிரதமராக இருந்த ஹெர்ட்ஸாக் வரைக்கும் ஒட்டிக்கொண்டது.

1828-இல் அவரை உங்கள் தீவுக்குத்தான் மாற்றினார்கள், அக்கா. மொரீஷியஸில் ஓர் ஆண்டுபோல இருந்தார். இங்கிலாந்தில் தம் பழைய நண்பர் சாமர்செட் பிரபு நோயாகக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டதும், அனுமதி வாங்காமலே கப்பல் ஏறிவிட்டார்.

1865-இல் லண்டனில் இறந்தார். உடலைக் கழுவிய பணிப்பெண்தான் அது பெண்ணுடல் என்று வெளியே சொன்னார். பாரி அப்படிக் கழுவ வேண்டாம், உடுத்திய உடையோடு புதைத்துவிடுங்கள் என்று முன்பே கேட்டுக்கொண்டவர். நான் நிறைய உடல்களைக் கழுவியிருக்கிறேன். அந்த வேண்டுகோளை மீறியதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஐம்பத்தாறு ஆண்டுகள் ஒருவர் ஒரே பெயரில், ஒரே விதமாக வாழ்ந்திருக்கிறார். அது வேடமா, வாழ்க்கையா? ஹன்னா ஊருக்குத் திரும்பியதும் தன் வாயாலேயே சொன்னாள், சீருடையோடு மேடையேறிக் காட்டவும் செய்தாள். அவளுக்கு ‘ள்’ போடுங்கள். பாரிக்குப் போடாதீர்கள். ‘அவர்’ என்ற சொல் தமிழில் இருப்பது எவ்வளவு நல்லது.

—

ரங்கூன் வீட்டுப் பேரன் (சென்னை) எழுதியது:

அக்கா, ஒரு சிறு தகவல். 1927-இல் ரங்கூனில் பிறந்த சரஸ்வதி ராஜாமணி, நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து, பையன் வேடத்தில் பிரிட்டிஷ் முகாம்களில் எடுபிடி வேலை செய்தபடி உளவு பார்த்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2018-இல் சென்னையில் இறந்தார். வேடத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர் மணி. ராஜாமணியில் பாதி. பையனுக்கும் அது பெயர், பெண்ணுக்கும் அது பெயர். என் பாட்டி ரங்கூனில் இருந்தவர். அவருக்கும் மணி என்றுதான் பெயர். “கூப்பிடுகிறவனுக்குத்தான் குழப்பம், எனக்கு என்ன?” என்பார்.

—

ரோஸ்ஹில் ஆசிரியை மீண்டும் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உங்கள் பதில்களை அச்செடுத்துப் போய்ச் சனிக்கிழமை வகுப்பில் உரக்க வாசித்தேன். பாரி பகுதியை வாசித்தபோது பிள்ளைகள் ஒருவரும் அசையவில்லை. கேப் டவுன் தங்கையே, நாடகம் முடிந்த பிறகு அவருடைய கதையை நானே மேடைக்கு வந்து சொல்லப்போகிறேன். தொடக்கம் முதல் முடிவு வரை ‘அவர்’தான்.

திருநெல்வேலி ஐயா, கட்டியங்காரன் பொய் சொல்லக் கூடாது என்றீர்கள். இரண்டு நாள் யோசித்தேன். உங்களோடு மாறுபட எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மேடையில் நிற்பது பெண் என்று சபைக்குக் கண்ணாலேயே தெரியும். ஆகவே கோட்டைப் போடுவதற்கு முன்னால் கட்டியங்காரன் ‘அழுதாள், புறப்பட்டாள்’ என்பான். கோட்டின் கடைசிப் பொத்தானைப் போட்டதும் ஒரு கணம் நிறுத்தி, ‘சேர்ந்தான்’ என்பான். உடம்பு கோட்டைப் போட்டுக்கொண்டது, இனி சொல்லும் போட்டுக்கொள்ளட்டும். அங்கிருந்து எங்கள் தீவின் கரை, புதுச்சேரிச் சேறு, குண்டடி வரை எல்லாமே ‘ன்’. ஒத்திகையில் அந்த முதல் ‘ன்’ வந்தபோது, கதை தெரிந்த எனக்கே நெஞ்சு திக்கென்றது. நீங்கள் சொன்ன படபடப்பு இதுதான் என்று நினைக்கிறேன்.

கடலூர்த் தம்பி, உங்கள் ஊர்ப் பெண் இருக்கிறாள். முதலில் கேள்வி கேட்டு இதையெல்லாம் தொடங்கிவைத்த பெண்ணுக்கு ஹன்னா வேடத்தைக் கொடுக்க நினைத்தேன். உங்கள் பதிலைக் கேட்டுவிட்டு, தனக்குப் பணிவிடைப் பெண் வேடம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். அவளுக்கு மொத்தம் மூன்று வரிகள். விளக்கோடு வருகிறாள். ஜேம்ஸ் கிரே போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறான். களிம்புக் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, அவள் குனிந்து, மெல்லக் கேட்கிறாள்: “ரொம்ப வலிக்கிறதா, அம்மா?”

அந்த ‘அம்மா’வுக்குப் பிறகு கட்டியங்காரன் மறுபடியும் ‘ள்’ளுக்கு வருகிறான். ‘திரும்பினாள்’ என்கிறான். அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பிள்ளைகள் சண்டை போட்டார்கள். ஒருவன் மணி என்றான், ரங்கூன் பாட்டியை நினைத்து. வைக்கவில்லை. நூலில் இல்லாததை நாங்கள் இட்டுக்கட்ட வேண்டாம் என்று அந்தப் பெண்ணே சொல்லிவிட்டாள். நிகழ்ச்சி நிரலில் ‘கடலூர்ப் பெண்’ என்று போட்டிருக்கிறோம். ஹன்னாவின் பெயருக்கு மேலே, முதல் வரியில்.

கோட் பாட்டியுடையதுதான். ஹன்னாவாக நடிக்கும் பிள்ளைக்குக் கை நீளமாக இருக்கிறது. இரண்டு மடிப்பு மடித்து ஊசி குத்தியிருக்கிறேன். வெட்டித் தைக்க மனம் வரவில்லை.